பொருளாய் வாங்கினால் பொருளாய்த் தாருங்கள்!



கரூரில் ஏழு குடித்தனம் உள்ள ஒரு வளவில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறோம். நான் பத்தாவது வரை படித்தவள். எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் மனதைப் போட்டு அரிக்கிற விஷயத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இரவல் வாங்குவதைக் கேவலமாக நினைக்கிறவள் இல்லை நான். உறை மோர் வாங்காத வீடு எங்கே இருக்கிறது? என் அம்மா பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால், திருப்பும்போது அதே டம்ளரைத் தேடி எடுத்துத்தான் அளப்பார். தலை தட்டி வாங்கியதைக் கோபுரமாய்த் திருப்புவார். பாத்திரமும் வெறுமனே போகாது, இரண்டு முருங்கைக்காயோ ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ கூடப் போகும். விளக்கு வைத்த பிறகு யாராவது உப்போ ஊசியோ கேட்டால் மட்டும், "காலையில வாங்கிக்க கண்ணு" என்று சிரித்தே சொல்லி அனுப்புவார்.

என் மாமியார் இதற்கு நேர் எதிர். "கொடுத்தவளுக்குப் பொருளும் போகும், உறவும் போகும்" என்பார். அவர் சொல்வதும் முழுப் பொய்யில்லை. என் குக்கர் ஒரு சீமந்தத்துக்குப் போய் கேஸ்கெட் இல்லாமல் திரும்பி வந்தது. கேட்டதற்கு, "நீங்க கொடுக்கும்போதே இல்லீங்களே" என்று பதில் வந்தது! கேஸ்கெட் இல்லாமல் எப்படியம்மா நீ விசில் விட்டாய் என்று நான் கேட்கவில்லை. இதெல்லாம் போகட்டும், ஐம்பது நூறோடு முடிகிற காரியம்.

2019 வைகாசியில், எதிர் வீட்டு அக்கா தன் மகளின் திரட்டிச் சீருக்கு என் இரண்டு பவுன் சங்கிலியைக் கேட்டார். "ரெண்டே நாளுதான் கண்ணு, சபையில புள்ள கழுத்து மொட்டையா இருக்கக் கூடாதில்ல" என்றார். என் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி எனக்குத் துணையாய்த் தரையில் படுத்திருந்தவர் அவர். எப்படி மறுப்பது? கழற்றிக் கொடுத்தேன். அது என் அம்மா எனக்குக் கல்யாணத்தில் போட்ட சங்கிலி.

இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. கேட்டால், "தங்கச்சி வீட்டு பீரோவுல பத்திரமா இருக்கு" என்றார். 2020 தையில் என் தம்பி கல்யாணத்துக்குக் கவரிங் சங்கிலியோடு போய் நின்றேன். அம்மா பார்த்ததும் கண்டுபிடித்து விட்டார். "அறுந்து போச்சும்மா, பத்த வைக்கக் கொடுத்திருக்கேன்" என்று பெற்ற தாயிடம் பொய் சொன்னேன். சங்கிலி போனதைவிட இன்றைக்கும் உறுத்துவது அந்தப் பொய்தான்.

பிறகு கொரோனா வந்தது, தறி நின்றது, எல்லார் வீட்டிலும் கஷ்டம். 2021ல்தான் அக்கா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார். சீர் முடிந்த வாரமே அவர் வீட்டுக்காரர் சங்கிலியை அடகுக் கடையில் வைத்திருக்கிறார். வட்டி கட்டாமல் நகை மூழ்கிவிட்டது.

அக்கா சொன்ன வழி இதுதான்: "நீ கொடுத்த அன்னிக்கு பவுன் இருபத்தஞ்சாயிரம். அம்பதாயிரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துடறேன்." அப்போது பவுன் விலை முப்பத்தைந்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்தப் பணத்தில் ஒன்றரைப் பவுன்கூட வராது. நான் கொடுத்தது பணமா? பதினாறு கிராம் தங்கம். "காசு வேண்டாங்க்கா. கிராம் கிராமாக் கொடுங்க, எத்தனை வருஷம் ஆனாலும் நான் கேட்க மாட்டேன்" என்றேன். சர்க்கரைக்கு அம்மா டம்ளரைத் தேடியது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சர்க்கரை என்ன விலை விற்றால் என்ன, டம்ளர் ஒன்றுதானே!

அக்காவும் நகைச்சீட்டு கட்டி, நாலு வருடத்தில் ஒரு பவுன் சேர்த்துக் கொடுத்துவிட்டார். பாக்கி ஒரு பவுன். அதற்குள் 2025 டிசம்பரில் பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டி விட்டது. "லட்ச ரூபாய்க்கு நான் எங்க போவேன் கண்ணு? 2021 விலையை வாங்கிக்க" என்கிறார். "விட்டுத் தொலை" என்கிறார் என் வீட்டுக்காரர். "அன்னிக்கே சொன்னேன்" என்கிறார் மாமியார். வளவில் சிலர் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசுவதும் காதில் விழுகிறது.

நான் வட்டி கேட்கவில்லை, செய்கூலி கேட்கவில்லை, கெடு வைக்கவில்லை. விலை ஏறியது அக்காவின் குற்றமில்லைதான், என் குற்றமும் இல்லையே? நாளைக்கு என் மகளுக்கு ஒரு பவுன் எடுக்கப் போனால் கடைக்காரர் எனக்கு 2021 விலைக்கா கொடுப்பார்? கஷ்டம் என்றால் மெதுவாகக் கொடுக்கட்டும், அரை கிராமாகக்கூடக் கொடுக்கட்டும். அளவைக் குறைக்கச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான் நினைப்பது தவறு என்றால் சகோதரிகள் எழுதுங்கள், படிக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். இந்தப் பகுதியை எங்கள் வளவில் ஒரு வீட்டில்தான் வாங்குகிறோம், மற்ற ஆறு வீடும் இரவல்தான். ஆகவே அக்காவும் இதைப் படிப்பார். படிக்கட்டும், நேரில் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். நேற்று சாயங்காலம்கூட அவர் பேத்தி கிண்ணத்தோடு வந்து உறை மோர் கேட்டாள். விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது, ஊற்றிக் கொடுத்தேன்.

– ஒரு வாசகி, கரூர்.