துப்பாக்கிக் குழலும் ராணிப்பேட்டைக் கிணறும்

துப்பாக்கியின் ஆயுள் எதில் இருக்கிறது? கட்டையில் அல்ல. விசையில் அல்ல. குழலின் உள்தோலில் இருக்கிறது!

சுடும்போதெல்லாம் குழலுக்குள் 2,000 டிகிரிக்கு மேல் சூடான வாயு பாய்கிறது. குண்டு உராய்ந்து ஓடுகிறது. உள்சுவர் தேய்கிறது. தேய்ந்த குழலில் இருந்து கிளம்பும் குண்டு குறி தவறும்.

குழல் முழுவதையும் கடினமாக்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஆக்கலாம். ஆனால் அது கண்ணாடிபோல் உடையும். சுடுகிறவர் முகத்திலேயே வெடிக்கும்! ஆகவே உடம்பு உறுதியாகத் தாங்க வேண்டும், தோல் மட்டும் கல்லாக வேண்டும். கொல்லர் கடப்பாரையின் நுனியை மட்டும் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறாரே, அதே எண்ணம்தான்.

இரண்டு வழி

ஒன்று, குழலின் உள்ளே குரோமிய முலாம் பூசுவது. இதற்குப் பெயர் உண்டு. வியட்நாம் போரில் 1966, 67-ம் ஆண்டுகளில் அமெரிக்க வீரர்களின் எம்-16 துப்பாக்கிகள் சண்டை நடுவே சிக்கிக்கொண்டன. வெடிமருந்தை மாற்றியது ஒரு காரணம். தோட்டா அறைக்குக் குரோமியம் பூசாதது மற்றொன்று. பிறகு பூசினார்கள்.

மற்றொரு வழி, நைட்ரஜன் ஏற்றுவது. குழலை அம்மோனியா வாயு நிரம்பிய உலையில் சுமார் 500 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைப்பார்கள். அம்மோனியா பிரிந்து, நைட்ரஜன் எஃகின் தோலுக்குள் இறங்கும். இது மேலே ஒட்டியது அல்ல. ஆகவே முலாம்போல் உரியாது.

எது வேண்டும்? நைட்ரஜன்தான் வேண்டும் என்பேன். காரணம், ராணிப்பேட்டை!

மஞ்சள் தண்ணீர்

முலாம் தொட்டியில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம். ராணிப்பேட்டையில் குரோமிய உப்பு தயாரித்த ஆலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு அங்கேயே மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடியது. நிலத்தடி நீர் கெட்டது. அந்த ஆலை துப்பாக்கிக்காக நடக்கவில்லை, தோல் பதனிடத்தான். ஆனால் விஷம் ஒன்றுதானே?

அம்மோனியாவும் சாது அல்ல. 2023 டிசம்பரில் எண்ணூரில் அது குழாயில் இருந்து கசிந்து மக்கள் மூச்சுத் திணறினார்கள். என்றாலும் மிஞ்சிய அம்மோனியாவை எரித்துவிடலாம். குரோமியத்தை எரிக்க முடியாது. இயந்திரத் துப்பாக்கிபோல் இடைவிடாமல் சுடும் ரகத்துக்குக் குரோமியம் அதிகம் தாங்கும் என்பது உண்மை. அதற்கு மட்டும் பூசட்டும்.

இப்போது இது ஏன்? திருச்சியில் 1966-ல் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. 2019-ல் சென்னை, திருச்சி, கோவை, சேலம், ஓசூர் ஆகிய ஊர்களைச் சேர்த்து ராணுவத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டது. பெரிய ஆலை வந்தால் உதிரி வேலை சிறு பட்டறைக்கு வரும். 1958-ல் திறந்த கிண்டி தொழிற்பேட்டை போன்ற இடங்களில் பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன.

மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகமும் கிண்டியில்தான் இருக்கிறது. முலாம் தொட்டிக்கு அனுமதி கேட்டு வருகிறவரிடம், "நைட்ரஜன் ஏன் போதாது?" என்று முதலில் கேட்கட்டும். போதாது என்று அவர் நிரூபித்தால், கழிவு எந்த லாரியில் எங்கே போகிறது என்பதையும் எழுதி வாங்கட்டும்.