தோள்ல பட்டை ஏறிட்டா முதலாளியா?

மக்களே, நம்ம பொட்டி தட்டுற தொழில்ல ஒரு பழைய தந்திரம் உண்டு. சம்பளத்தை ஏத்தாம பேருக்குப் பின்னாடி 'லீட்'னு ஒட்டி விட்டுடுவாங்க. அன்னிலேர்ந்து நீ மேனேஜ்மெண்ட்! ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தா எழுந்து உக்கார்றது மட்டும் நீதான் :-)

அமெரிக்காவுல இதைச் சட்டமாவே போட்டுட்டாங்க. ஃபோர்மேன்களும் தொழிலாளிகள்தான்னு 1947-ல பேக்கார்ட் கார் கம்பெனி வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. அதே வருஷம் ட்ரூமனோட வீட்டோவையும் மீறி டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்து, சூப்பர்வைசர்களோட கூட்டுப்பேர உரிமையைப் பிடுங்கிடுச்சு. அது தனியார் கம்பெனிகளுக்கான சட்டம். ஆனா பல மாநிலங்கள் தங்களோட அரசு ஊழியர்களுக்கும் அதே கோட்டைக் கிழிச்சு வச்சிருக்கு.

எனக்குக் கடுப்பேத்தறது வனவிலங்குக் காவல் அதிகாரிகள் விஷயம்தான். வேட்டை சீசன்ல அவங்க நிறுத்தி விசாரிக்கிற ஆளு கையில துப்பாக்கி இருக்கும். உதவிக்கு வர்ற அடுத்த அதிகாரி பல மைல் தள்ளி இருப்பார். அங்க ஓடி வர்ற லெஃப்டினன்ட்டுக்கும் அதே குளிர், அதே குண்டு. அவங்க சம்பளத்தையும் ஆள் கணக்கையும் தீர்மானிக்கிறது சட்டமன்றமும் கவர்னரும். அப்புறம் எந்த ஊர் நியாயத்துல இவர் முதலாளி?

"தனக்குக் கீழ இருக்கறவனைத் தண்டிக்க வேண்டியவர் அவனோட ஒரே சங்கத்துல இருக்கலாமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். அதுக்குத் தனி யூனிட் கொடுத்தா போச்சு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையா கொளுத்துவாங்க?

நியூயார்க்கைப் பாருங்க. 1967-ல வந்த டெய்லர் சட்டம், கொள்கை வகுக்கற மேனேஜர்களையும் ரகசிய வேலை பாக்கறவங்களையும்தான் வெளிய நிறுத்துது. வெறும் சூப்பர்வைசர்னா பேரம் பேசலாம், ஸ்ட்ரைக் மட்டும் கூடாது. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழலை.

விஸ்கான்சின் கதை இதுக்கு நேர் எதிர். 2011-ல வந்த 'ஆக்ட் 10' ஹைவே போலீஸ்காரங்க உரிமையை விட்டு வச்சுது, வனவிலங்கு வார்டன்களோட உரிமையை வெட்டிச்சு. அது பாரபட்சம்னு 2024 டிசம்பர்ல ஒரு கவுண்டி நீதிபதி சொன்னார், வழக்கு அப்பீலுக்குப் போச்சு. சாதா வார்டனுக்கே இந்தக் கதின்னா, அவருக்கு மேல இருக்கற லெஃப்டினன்ட்டை யார் கேப்பாங்க?

உரிமையைக் கொடுக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது பதவியோட பேரை இல்லை. பட்ஜெட்ல அவர் கையெழுத்து செல்லுமான்னு பாருங்க. செல்லாதுன்னா அவரும் தொழிலாளிதான், அவ்வளவுதான் விஷயம்.