கையில் ஒரு தொழில், அதற்கு ஒரு சான்று

"மேற்படிப்புக்கு என்ன எடுக்கப் போகிறாய்?" பன்னிரண்டாம் வகுப்பு மாணவியைக் காண்போர் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மருத்துவம் என்றால் மகிழ்கிறார்கள். பொறியியல் என்றால் தலையசைக்கிறார்கள். "ஐ.டி.ஐ.யில் டர்னர் படிக்க விரும்புகிறேன்" என்று நான் சொன்னபோது எங்கள் வீட்டில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அப்பா மெல்லக் கேட்டார்: "ஏனம்மா, மதிப்பெண் குறைந்துவிட்டதா?"

அந்த ஒரு கேள்வியில் நம் சமூகத்தின் எண்ணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தொழிற்கல்வி என்றால் தேர்வில் பின்தங்கியவர்கள் போய்ச் சேரும் இடம். அதிலும் பெண்ணுக்கு அது ஆகாது! இந்த எண்ணம் தவறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முன்வந்தேன்.

இந்தியத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களுள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நம் தமிழ்நாட்டில்தான் இருக்கின்றனர். பெருமைதான். ஆனால் அவர்களுள் எத்தனையோ பேர் எந்த நிலையில் இருக்கின்றனர்? என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, பிளஸ் டூ முடித்த கையோடு ஓர் ஆலையில் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் ஒரே வரிசையில், ஒரே இடத்தில், ஒரே திருகை முடுக்கினார். ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியோடு ஊர் திரும்பினார். "உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று அடுத்த ஆலையில் கேட்டார்களாம். அக்காவுக்கு விடை தெரியவில்லை.

அவர் நின்ற வரிசையில் இயந்திரம் பழுதுபட்டால் ஃபிட்டர் வருவார். அக்கா ஒதுங்கி நிற்பார். அந்த ஃபிட்டர் அக்காவைவிட அறிவாளி என்று எவரும் சொல்ல முடியாது. அவரிடம் இருந்தவை ஈராண்டுப் பயிற்சியும் அதற்கொரு சான்றிதழும்தான். "திறமையான ஆள் கிடைக்கவில்லை" என்று ஆலைகள் குறை கூறுகின்றன. "வேலை கிடைக்கவில்லை" என்று படித்தவர்கள் ஏங்குகின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்ப வேண்டியது கல்வியன்றோ?

வழி இல்லாமல் இல்லை. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தொடங்கப்பட்டது. தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. பத்தாம் வகுப்பில் தேறியவர் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் ஆகிய பிரிவுகளில் இரண்டாண்டு பயின்றால், நாடெங்கும் செல்லுபடியாகும் தேசியத் தொழிற் சான்றிதழ் கிடைக்கும். பின்னர் ஓர் ஆலையில் உதவித்தொகையுடன் அப்ரண்டிசாகப் பழகித் தேர்வெழுதினால் இன்னொரு சான்றிதழ். மேலே படிக்க விரும்பினால் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். 2022 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் ஐ.டி.ஐ. படிப்பையும் உயர்கல்வியாகவே ஏற்றுக்கொண்டது. அரசு மதித்ததை நாம் மதிக்கத் தயங்குவது ஏன்?

"சான்றிதழ் வெறும் காகிதந்தானே?" என்று சிலர் கேட்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மையே. ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே தொழில் பழகும் இளைஞர் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளியிலும் மற்ற நாட்களில் ஆலையிலும் கற்கிறார். முடிவில் தேர்வு நடத்துவது அவருக்குக் கற்பித்த ஆலையன்று. வணிக, தொழிற் சங்கம். கற்பிப்பவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர். ஆகவே அந்தச் சான்றிதழை நாடே நம்புகிறது. நம் நாட்டிலும் இயந்திரத்தைத் தொட்டுப் பழகாதவருக்குச் சான்றிதழ் தருவது, அவருக்கே செய்யும் துரோகமாகும்.

பெண்ணால் முடியுமா என்ற ஐயமும் வேண்டாம். நம் இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவியைக் கொண்டு கம்பியின் விட்டத்தை 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கிறோமே! லேத்தில் கடைந்த உருளையை டர்னர் மைக்ரோமீட்டரால் அளப்பதும் அதே முறையில்தான். அளக்கத் தெரிந்த கைக்குக் கடையவும் வரும்.

தோழியரே, தையல் பிரிவு மட்டுமே பெண்களுக்கு உரியது என்று எண்ணி மற்றப் பிரிவுகளின் பெயரைக்கூடக் கேட்காமல் இராதீர்கள். அன்புள்ள அருட்சகோதரியரே, ஆசிரியைகளே, ஒன்பதாம் வகுப்பு மாணவியரை ஆண்டுக்கு ஒரு முறையேனும் அருகிலுள்ள ஐ.டி.ஐ. பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெற்றோர்களே, பதினெட்டு வயதில் மகள் கொண்டுவரும் முதற் சம்பளம் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பதை நான் அறிவேன். அது இரண்டாண்டு தள்ளிப்போவது சிறிய இழப்பன்று. ஆயினும் அந்த இரண்டாண்டை அவளுக்குத் தந்தால், ஒப்பந்தம் முடியும் நாளில் அவள் வெறுங்கையோடு திரும்ப மாட்டாள்.

என் அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் இம்மலரை முதற்பக்கம் முதல் கடைசிப்பக்கம் வரை அவர் படிப்பது வழக்கம். இந்த ஆண்டும் படிப்பார்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி