மாடிப்படிக்குக் கார்பெட்? மாமா மன்னிக்கவும்!

ஒரு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே பஞ்சாயத்து. வேறொன்றுமில்லை, மாடிப்படிக்குக் கார்பெட் போடுவதா வேண்டாமா என்பதுதான் விஷயம். முகையூரில் போய்க் கார்பெட்டா என்று சிரிக்காதீர்கள். ஏற்கனவே சிரித்துவிட்ட வகுப்பு நண்பர்கள் இரண்டு பேருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

மொட்டைமாடியில் காயவைத்த மிளகாயை முறத்தில் அள்ளிக்கொண்டு இறங்கிய ஆயா, மேலிருந்து மூன்றாவது படியில் வழுக்கி நாலு படி சறுக்கி உட்கார்ந்துவிட்டார். இடது மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. இடுப்பு தப்பியது. இந்த வயதில் இடுப்பு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் லண்டன் மாமா போனில் வந்தார். "டேய், இங்க எல்லா வீட்லயும் படிக்குக் கார்பெட்தான். விழுந்தாலும் அடிபடாது. பணம் நான் அனுப்பறேன், ஆளக் கூப்பிடு." அப்பா உடனே சரி என்றார். அம்மா யோசித்தார். எதிர்க்கட்சி நான் ஒருவன்தான்.

மாமா சொன்னதில் பாதி உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அங்கே வீட்டுப் படிகள் பெரும்பாலும் மரம். நடந்தால் கிறீச்சென்று சத்தம், குளிர்காலத்தில் காலுக்குச் சில்லிப்பு. அதனால் கார்பெட். அதையும் சும்மா விரித்துவிடுவதில்லை. மேலே பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஆணிகள் வரிசையாக உள்ள மரப்பட்டையை, ஒவ்வொரு படியும் அடுத்த படியின் சுவரைச் சந்திக்கும் உள்மூலையில் அடிக்கிறார்கள். நடுவில் மெத்தென்று ஒரு அடிவிரிப்பு. அதன்மேல் கார்பெட்டை இழுத்து அந்த ஆணிகளில் மாட்டி, மூலைக்குள் உளிபோன்ற ஒன்றால் திணிக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆணிப்பட்டைக்குப் பதில் பித்தளைக் கம்பி. அதில் ஒரு வசதி உண்டு. கம்பியைக் கழற்றிக் கார்பெட்டைக் கொஞ்சம் மேலோ கீழோ நகர்த்திக்கொள்ளலாம், தேய்மானம் எப்போதும் ஒரே இடத்தில் விழாது. சிக்கனக்காரர்கள்தான்!

நம் வீட்டுப் படியோ காங்கிரீட், மேலே கிரானைட். அதில் எங்கே ஆணி அடிப்பது? ட்ரில் போட்டால் ஓரம் தெறிக்கும். மிச்சம் இருப்பது ரப்பர் பசை. விழுப்புரத்தில் விசாரித்த கடையிலும் பசை போட்டு ஒட்டித் தருகிறோம் என்றுதான் சொன்னார்கள். எங்கள் படி ஒவ்வொன்றும் 7 அங்குல உயரம், 10 அங்குல அகலம். 17 படிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 24 அடி நீளம். மாமாவுக்கு அது பெரிய செலவில்லை. என் கவலையும் செலவு இல்லை.

முதல் கவலை தண்ணீர். நாம் படியைப் பெருக்கித் தண்ணீர் விட்டுத் துடைக்கிற ஜாதி. ஈரத்துணி வாளி, உப்பு மூட்டை, காய்ந்த நெல் எல்லாம் அந்த வழியாகத்தான் ஏறி இறங்கும். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஞாபகம் இருக்கிறதா? ஃபெஞ்சல் புயல். நம் மாவட்டத்து மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. எங்கள் மொட்டைமாடிக் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் படிப்படியாக இறங்கிக் கூடத்துக்கு வந்தது. அன்றைக்கு அங்கே கார்பெட் இருந்திருந்தால் பொங்கல் வரைக்கும் நாறியிருக்கும். ஈரத்தில் பசை விட்டுவிட்டால் இன்னும் மோசம். வழுக்கும் படியைவிட ஆபத்தானது படிமேல் தளர்ந்து கிடக்கும் துணி.

இரண்டாவது, யாரும் யோசிக்காத கணக்கு. கார்பெட்டும் அடிவிரிப்பும் சேர்ந்து 2 செ.மீ. தடிமன் என்று வையுங்கள். எல்லாப் படியும் ஒரே அளவு உயர்வதால் நடுவில் வித்தியாசம் தெரியாது. ஆனால் கீழே கூடத்துத் தரை அப்படியே இருக்கிறது, மேலே மாடித் தரையும் அப்படியே. ஆக முதல் படி 2 செ.மீ. கூடும், கடைசிப் படி 2 செ.மீ. குறையும். கால் கண்ணால் பார்த்து நடப்பதில்லை, பழக்கத்தில் நடக்கிறது. வித்தியாசமான அந்த ஒரு படியில்தான் இடறும். வீட்டுப் படி உயரம் 19 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, மிதிக்கும் அகலம் 25 செ.மீ.க்குக் குறையக்கூடாது என்பது தேசியக் கட்டட விதி. நம் 7 அங்குலம் சுமார் 18 செ.மீ. இரண்டைக் கூட்டிப் பாருங்கள்!

சரி, பிறகு ஆயா ஏன் விழுந்தார்? என்னைக் கேட்டால் குற்றவாளி பாலிஷ். வீடு கட்டும்போது "முகம் தெரியணும்" என்று சொல்லிச் சொல்லிப் பளபளப்பாக்கியது நாம்தான். செஞ்சிக் கோட்டைக்குப் பள்ளியில் கூட்டிப்போனபோது ராஜகிரியில் ஏறியிருப்பீர்கள். 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்ததே, அதே கோட்டை. உளி கொத்திய சொரசொரப்பான கல்படி. அளவு கன்னாபின்னா, மூச்சு வாங்கும், ஆனால் கால் பிடிமானம் பிசகாது. கல் ஒன்றுதான். வந்தவர்கள் பார்த்து மெச்சவேண்டும் என்று நாம் அதைக் கண்ணாடி ஆக்கினோம், அந்தக் கண்ணாடிமேல் எழுபது வயதுக்காரர் முறத்தோடு இறங்குகிறார். புதுவீடு கட்டுகிறவர்கள் படிக்கு மட்டுமாவது பாலிஷ் இல்லாத கல் கேளுங்கள்.

கடைசியில் மாமாவின் பணத்தில் சிறு பங்கிலேயே வேலை முடிந்தது. கல் அறுக்கும் அண்ணன் ஒருவர் சின்ன மெஷினோடு வந்து ஒவ்வொரு படியின் முன்விளிம்பிலும் மூன்று கோடு இழுத்தார். இறங்கும்போது பாதத்தின் முன்பகுதி விழுவது அங்கேதான். வீடு முழுக்கத் தூசி, அம்மா என்னைத்தான் திட்டினார். கோடுகளுக்குப் பின்னால் மணல்தாள்போல் சொரசொரப்பான ஒட்டுப்பட்டை, மஞ்சள் நிறத்தில், ஆயாவுக்கு விளிம்பு தெரிவதற்காக. அதோடு சுவர்ப்பக்கம் ஒரு பைப் கைப்பிடி. இதுவரை திறந்த பக்கம் மட்டும்தான் கைப்பிடி இருந்தது, அதாவது இறங்கும்போது இடது கைக்கு மட்டும். அந்த இடது கையில்தான் அன்று முறம்.

அப்பாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. "பஸ் படி மாதிரி இருக்கு" என்கிறார். மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து, "அந்த மஞ்சள் பட்டை எங்க வாங்கின?" என்று மட்டும் கேட்டார்.

மாவுக்கட்டு பிரித்த அன்றே ஆயா யாரிடமும் சொல்லாமல் மாடிக்குப் போய் வந்துவிட்டார். கீழிருந்து இரண்டாவது படியில் பட்டை ஒரு ஓரம் உரிந்திருப்பதாகச் சொன்னது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஒட்டவேண்டும்.