தாமதம் வேண்டாம்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருக்களில் வெற்றிலையும் பாக்கும் இன்றும் விற்கப்படுகின்றன. விருந்துக்குப் பின் வெற்றிலை போடுவது தமிழர் வழக்கம். ஆனால், பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும். மலேசியாவில் இந்நோய் இந்தியர்களிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, அதிகமாகக் காணப்படுகிறது. இந்நாட்டுப் புற்றுநோயாளிகளுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் நோய் கண்டறியப்படுகிறது. இத்தாமதமே பல உயிர்களைப் பறிக்கிறது.

மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் மிகச் சிறிய மூலக்கூறு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆகும். 1993இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதனைக் கண்டறிந்த விக்டர் அம்புரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 2024இல் நோபல் பரிசு பெற்றனர். புற்றுநோய் தோன்றும்போது இம்மூலக்கூறுகளின் அளவு மாறுகிறது. அம்மாற்றத்தை இரத்தத்திலும் எச்சிலிலும் காண முடியும். எனவே, நோயை முன்கூட்டியே அறிய இது உதவும் என ஆய்வாளர்கள் நம்புகின்றனர். எனினும், இதனை மருந்தாக்கும் முயற்சி எளிதன்று. அத்தகைய ஒரு சோதனை, கடும் பக்க விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது.

ஆகவே, நாளைய கண்டுபிடிப்புக்காக இன்றைய நோயாளி காத்திருக்கக்கூடாது. வாயில் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் உடனே பல் மருத்துவரைக் காண வேண்டும். வெற்றிலை மடிக்கும் பாட்டியைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதே பேரப்பிள்ளைகள் காட்டும் உண்மையான அன்பு.