வெயில் மட்டும் போதுமா?

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்குள்ள மாடிக் கடைகளில் காலை முதல் இரவு வரை கால் கடுக்க நிற்கும் பெண்கள்மேல் அந்த வெயில் படுவதே இல்லை. மில்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும் தொழிலாளியின் கதியும் இதுவே.

இதனால் என்ன கெட்டுவிட்டது? எலும்பு கெடுகிறது! வெயில் பட்டால் நமது தோலே வைட்டமின் டி என்ற ஜீவசத்தைத் தயாரிக்கிறது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ரத்தத்தில் சேர்க்க அது வேண்டும். அது குறைந்தால், ரத்தத்துக்குத் தேவையான சுண்ணாம்பை உடல் எலும்பிலிருந்தே உருவிக்கொள்கிறது. வட்டிக்கு ஈடாக வீட்டு ஓட்டையே பிடுங்குவது போலத்தான். எலும்பின் அடர்த்தி குறைகிறது. வயதான காலத்தில் சிறிது தடுக்கி விழுந்தாலும் இடுப்பெலும்பு முறிகிறது.

நடுப்பகல் வெயிலே இதற்கு உகந்தது. கண்ணாடி வழியே வரும் வெயிலால் பயனில்லை.

அப்படியானால் வயலில் வேகும் விவசாயத் தொழிலாளிக்குக் குறையே இல்லையா? திருப்பதி டாக்டர்கள் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்கிறது. நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கு வைட்டமின் டி அதிகம். ஆனால் இரு சாராரின் உணவிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு! 2005-ல் வெளியான ஹைதராபாத் ஆராய்ச்சியில், ஏழைப் பெண்களுக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது சுமார் 270 மில்லிகிராம்தான். அவர்களில் பலரது எலும்பு மெலிந்திருந்தது. 1,000 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்த அளவு.

மாத்திரை விழுங்கினால் தீராதா? சத்துக் குறைந்தவர்களுக்கு டாக்டர் மருந்து தரத்தான் வேண்டும். ஆனால் 25,000 பேருக்கு மேல் பங்கேற்ற அமெரிக்கச் சோதனையின் முடிவு 2022-ல் வெளிவந்தது. பொதுவாக ஆரோக்கியமாக உள்ளவர்களுக்கு வைட்டமின் டி மாத்திரையால் எலும்பு முறிவு குறையவில்லை என்று அது காட்டியது.

ஆகவே வெயிலும் வேண்டும், உணவும் வேண்டும். மயிலாப்பூர், அடையாறு தெருமுனைகளில் விற்கும் கேழ்வரகுக் கூழை ஏளனம் செய்ய வேண்டாம். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.

2023-ல் நீலகிரி, தர்மபுரி ரேஷன் கடைகளில் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நல்லது. ரேஷன் கடைகள் அனைத்திலும் அது தாராளமாகக் கிடைக்கட்டும்! பாலும் மீனும் வாங்கக் கூலி போதுமானதாக இருக்கட்டும்! கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. வெயிலில் சற்று நடந்துவர நடுப்பகல் ஓய்வும் வேண்டும் என்கிறோம்.

உழைப்பவனின் முதுகெலும்பு வளையாதிருக்க, இது சலுகையல்ல, உரிமை!