பச்சிளங்குழந்தையின் பையில் ஒரு படப்புத்தகம்

அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெறும் தாய்மார்களுக்காகத் தமிழ்நாட்டில் 2015-இல் தொடங்கப்பட்ட குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள் இருந்தன. துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, பொம்மை, தாய்க்குச் சுண்டி லேகியம் என்று நீளும் அந்தப் பட்டியலைப் பார்த்தாலே பிரசவ வீட்டின் தேவை அறிந்தவர்கள் போட்டது என்று புரியும். விட்டுப்போனது ஒன்று உண்டு. ஒரு படப்புத்தகம். அதையும் பையில் வைக்க வேண்டும் என்று கேட்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

விஜயதசமி அன்று நெல்லில் ‘அ’ எழுதவைத்த பிறகுதான் பிள்ளைக்குப் புத்தகம் என்பது நம் வழக்கம். அதனால், குப்புற விழாத குழந்தைக்குப் புத்தகம் எதற்கு என்று யாரும் கேட்கலாம். கைக்குழந்தை எழுத்துப் படிக்கப் போவதில்லை, உண்மைதான். ஆனால் அது கேட்கிறது. நாம் நினைப்பதற்கு வெகு முன்பே கேட்கத் தொடங்கிவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் அந்தோணி டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்சும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கர்ப்பிணிகள் சிலர் கடைசி ஆறு வாரமும் தினமும் ஒரே கதையை வாய்விட்டு வாசித்தார்கள். பிறந்த சில நாட்களில் அந்தக் குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பு ஒன்று வைக்கப்பட்டது. ஒருவிதமாகச் சப்பினால் கருவில் கேட்ட கதை ஒலிக்கும், வேறுவிதமாகச் சப்பினால் புதுக் கதை ஒலிக்கும். குழந்தைகள் பழைய கதை ஒலிக்கும்படி தங்கள் சப்பலை மாற்றிக்கொண்டன. வேறொரு பெண்ணின் குரலில் வாசித்தபோதும் அப்படியே செய்தன. சொல்லின் பொருள் தெரியாது. ஆனால் கதையின் ஓசையும் ஏற்ற இறக்கமும் மனத்தில் பதிந்திருந்தன.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதே ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கையில் தாயின் முகம் இருக்கும் தூரம் அது. அழுத்தமான கறுப்பு வெள்ளைக் கோலங்கள் அதன் கண்ணை இழுக்கும். ஆறு மாதத்தில் புத்தகம் நேரே வாய்க்குப் போகும். அட்டையின் மூலையைக் கடித்து, எச்சிலில் நனைத்து, உள்ளங்கையால் பக்கத்தைப் படார் படாரென்று தட்டும். ‘கிழிச்சிடாதே’ என்று பிடுங்கிவிடும் பெரியவர்கள் அதன் முதல் வாசிப்பைத்தான் பிடுங்குகிறார்கள். ஒன்பது, பத்து மாதத்தில் விரல் நீட்டத் தொடங்கும். படத்தில் இருக்கும் காக்கையின் மேல் விரலை வைத்துவிட்டு அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். ‘காக்கா! கா கான்னு கத்துது பாரு’ என்று அவள் சொன்னதும் காலை உதைத்துச் சிரிக்கும், மறுபடியும் அதே காக்கையின் மேல் விரல் வைக்கும். நாலைந்து பக்கம் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிடலாம். அதனால் குறை ஒன்றுமில்லை.

இப்படிப் புத்தகம் காட்ட இரவு நேரம் பொருந்தி வருவதற்குக் காரணம் நம் வீடுகளின் நடைமுறைதான். பகலில் தாய் வேலைக்குப் போயிருப்பாள், அல்லது வீட்டு வேலை அவளை விட்டிருக்காது. தகப்பன் திரும்பி வரவே ஏழு மணி ஆகிவிடும். பாத்திரம் கழுவி, பாய் விரித்த பிறகுதான் குழந்தைக்கு இருவரும் முழுதாகக் கிடைக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் இப்போது பெரும்பாலும் கைப்பேசிக்குப் போகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. குழந்தை சும்மா இருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் கூடவே இருந்து வாசிப்பதையும் கதை சொல்வதையும் அதே வழிகாட்டுதல் ஊக்குவித்தது. திரையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வைக்க ஏதாவது வேண்டும். களைத்துப்போன பெற்றோருக்குப் புத்தகம் அந்த வேலையை எளிதாக்கும். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டியதில்லை, பக்கமே எடுத்துக் கொடுக்கும்.

வீட்டில்தான் நாள் முழுக்கப் பேசுகிறோமே, அது போதாதா? பேச்சு மிக அவசியம், ஆனால் அது புழங்கும் வட்டம் சிறியது. ஜெசிகா மான்டாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 100 படப்புத்தகங்களில் உள்ள சொற்களை, பெற்றோர் குழந்தைகளிடம் பேசும் பேச்சோடு ஒப்பிட்டு 2015-இல் எழுதினார்கள். அளவு ஒன்றாக இருந்தபோது புத்தகங்களில் வெவ்வேறு சொற்கள் அதிகமாக இருந்தன. அது ஆங்கிலத்தில் நடந்த ஆய்வு என்றாலும் காரணம் எந்த வீட்டுக்கும் பொருந்தும். வா, சாப்பிடு, தூங்கு, அதைத் தொடாதே என்பவை தினமும் வரும். ஆமை ஓடும், மின்மினியும், கலங்கரை விளக்கமும் மூன்றாவது மாடி வீட்டுக்குள் தாமாக வருவதில்லை.

தாலாட்டு இருக்கிறதே, பாட்டி கதை இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். இருக்கிற வீடுகள் கொடுத்து வைத்தவை. தாலாட்டை விரட்டிவிட்டுப் புத்தகம் உள்ளே வர வேண்டியதில்லை; பாடும் பாட்டியின் மடியிலேயே அதுவும் கிடக்கலாம். பாட்டிக்கு எழுத்து தெரியாவிட்டால்கூடத் தடையில்லை. அமெரிக்க ஆய்வாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் 1980-களில் வகுத்த வாசிப்பு முறையில் பெரியவர் எழுத்தை ஒப்பிப்பதைவிடப் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பதற்கும், குழந்தையின் பதிலை நீட்டிச் சொல்வதற்கும்தான் இடம் அதிகம். அவர் குழு இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தது. கைக்குழந்தையிடம் பதில் என்பது ஒரு சிணுங்கலாகவோ நீட்டிய விரலாகவோ இருக்கும், அவ்வளவுதான். ‘இந்த ஆடு எங்க போவுது தெரியுமா, நம்ம சந்தைக்கு’ என்று பாட்டி சொந்தமாகச் சேர்ப்பதெல்லாம் நல்ல வாசிப்பே.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. புத்தகத்தில் ‘பூனை பால் குடிக்கிறது’ என்றிருக்கும். எந்த வீட்டிலும் அப்படிப் பேசுவதில்லை. அச்சில் இருப்பதை அப்படியே சொல்லும்போது குரல் பள்ளிக்கூடக் குரலாகிவிடுகிறது. ‘பூனை பால் குடிக்குது’ என்று பேச்சுத் தமிழிலேயே அச்சிட்ட புத்தகங்கள் பிறந்த குழந்தைகளுக்கு வேண்டும். எழுத்துத் தமிழைக் கற்க முன்னால் எத்தனையோ ஆண்டுகள் இருக்கின்றன.

புத்தகமே கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. சென்னையில் 1990-களில் தொடங்கிய தாரா, தூலிகா பதிப்பகங்கள் உலகத் தரத்தில் படப்புத்தகங்கள் போடுகின்றன. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் அவை திரையில் இருக்கின்றன. கடித்தாலும் கிழியாத கெட்டி அட்டைப் புத்தகம்தான் கைக்குழந்தைக்கு ஏற்றது. தமிழில் அது குறைவு, விலையும் தினக்கூலி வீட்டுக்கு எட்டாது. அரசு வர வேண்டிய இடம் இது.

வந்த நாடுகளும் உண்டு. பின்லாந்து 1938-இல் ஏழைத் தாய்மார்களுக்குக் கொடுக்கத் தொடங்கி 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் விரித்த பேறுகாலப் பெட்டியில், குழந்தைத் துணிகளோடு படப்புத்தகமும் இடம்பெற்று வந்திருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1992-இல் 300 குழந்தைகளோடு தொடங்கிய புக்ஸ்டார்ட் என்ற புத்தகப் பரிசுத் திட்டம் நாடு முழுக்கப் பரவியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையின் குழந்தை மருத்துவர்கள் 1989-இல் இன்னும் எளிய வழியைக் கண்டார்கள்: பரிசோதனைக்கு வரும் குழந்தைக்கு மருத்துவரே புத்தகம் கொடுப்பது.

தமிழ்நாட்டில் இதற்கான ஏற்பாடெல்லாம் முன்பே இருக்கிறது. பிரசவங்களில் பாதிக்கும் மேல் அரசு மருத்துவமனைகளில் நடக்கின்றன. கோடிக்கணக்கில் பள்ளிப் புத்தகம் அச்சிடும் பாடநூல் கழகத்துக்கு, பத்துப் பன்னிரண்டு பக்க அட்டைப் புத்தகத்தை லட்சக்கணக்கில் அச்சிடுவது கடினமில்லை. அவ்வளவு அச்சிடும்போது ஒரு பிரதியின் விலையும் இறங்கிவிடும். நல்ல ஓவியர்களையும் சிறார் எழுத்தாளர்களையும் அழைத்து அதைச் செய்ய வேண்டும், அதிகாரிகள் குழுவிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. நச்சில்லாத மை, மழுங்கிய மூலைகள், பக்கத்துக்கு ஒரு படம். அணில், வாளி, மின்விசிறி, டவுன் பஸ், குழந்தையைக் குளிப்பாட்டும் அப்பா. தலைவர் படமோ திட்ட விளம்பரமோ ஒரு பக்கத்தில்கூட வேண்டாம்.

முதல் புத்தகம் மருத்துவமனைப் பையில் போகட்டும். இரண்டாவதை ஒன்பதாம் மாதத் தட்டம்மைத் தடுப்பூசிக்கு வரும் நாளில் கொடுக்கலாம். கிராம சுகாதாரச் செவிலியர் அதைப் பையில் திணித்து அனுப்பாமல் குழந்தையின் கையிலேயே கொடுக்க வேண்டும், பாஸ்டன் மருத்துவர்கள் செய்ததைப் போல. குழந்தை அதை எப்படிப் பிடிக்கிறது, படத்தைப் பார்க்கிறதா, விரல் நீட்டுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா என்பதெல்லாம் பார்வை, செவி, வளர்ச்சி பற்றிச் செவிலியருக்கு ஒரே நிமிடத்தில் கிடைக்கும் குறிப்புகள். கவலைப்பட ஏதாவது தென்பட்டால் அன்றைக்கே மாவட்ட மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிடலாம்.